ஒரே பிளேயர், மூன்று வகைக் கணினி

திருகோணமலையில் பல வீடுகளில் விண்டோஸ்தான். ஆனால் வேலையிடத்தில் லினக்ஸ் இருக்கும், கனடாவிலிருந்து உப்புவெளிக்கு விடுமுறையில் வரும் சொந்தக்காரரிடம் மேக் இருக்கும். மூன்றிலும் ஒரு எம்பி3 பிளேயர் ஓட வேண்டுமென்றால், முதலில் அதன் யூஎஸ்பி அமைப்பை எம்எஸ்சிக்கு (பென்டிரைவ் போலத் தெரியும் முறை) மாற்றுங்கள். எம்டிபியில் (கோப்புகளைப் பிளேயரே கையாண்டு கொடுக்கும் முறை) இருந்தால் மேக் அதைத் தானாகத் திறக்காது. சில பிளேயர்களில் ஒரு முறையில் ஏற்றிய பாட்டு மறுமுறையில் கண்ணில் படாது. அழிந்துவிட்டதென்று பதறி ஃபோர்மட் செய்யாதீர்கள்!

ஃபோர்மட் செய்வதானால் ஃபேட்32 என்ற கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் மேக்கால் எழுத முடியாது, வாசிக்க மட்டுமே முடியும். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. பாட்டுக்கு அது தாராளம்.

மேக்கில் ஏற்றியபின் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓடாத இரட்டை தெரிகிறதா? புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சிறு கோப்புகள் அவை. விண்டோஸில் மறைகோப்புகளைக் காட்டச் செய்து அழித்துவிடலாம்.

தமிழ்ப் பாடல் பெயர்கள் குழம்புவதுதான் பெரிய தலைவலி. பாட்டின் பெயர், பாடகர் விவரங்களைக் கோப்புக்குள் வைக்கும் ஐடி3 குறிப்பின் பதிப்பு 1இல் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே, தமிழ் எழுத்துக்குத் தேவையான யூனிகோடும் இல்லை. பழைய பிளேயர்கள் பல பதிப்பு 2.4ஐ வாசிப்பதில்லை. மூன்று கணினிகளிலும் ஓடும் கிட்3 (Kid3) என்ற, இந்தக் குறிப்பைத் திருத்தும் மென்பொருளில் பதிப்பு 2.3, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-16 என்று வைத்துச் சேமியுங்கள். அதன்பிறகும் கட்டங்களே தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில் இடுவதே வழி.

லினக்ஸில் நகலெடுப்பு முடிந்ததுபோல் தெரிந்தாலும் தரவு கணினியின் நினைவகத்திலேயே நிற்கும். அன்மவுண்ட் (பாதுகாப்பாக வெளியேற்றுதல்) செய்தபிறகே கழற்றுங்கள், இல்லையேல் கோப்புகள் சேதமாகலாம். கடற்காற்றில் யூஎஸ்பி முனை பச்சை பூத்து இடையில் தொடர்பு அறுந்தாலும் இதே சேதம்தான். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மென்தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகுங்கள்.