வாய்தாவுக்கு வராதவன் அக்கரையில் இருந்தால்

ஏப்ரல் 16, 2025
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டாம் நாள். விசைப்படகுகள் 61 நாள் கரையில்தான். கோர்ட் வாசலில் பழைய கேள்வி: "ஜாமீன் போட்டேன், பய தலைமன்னாருக்கு ஓடிட்டான். ஆள் வச்சுத் தூக்கிட்டு வரலாமா சார்?" கூடவே கூடாது. தனுஷ்கோடியிலிருந்து அக்கரை சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கிட்டம்தான் ஆசை காட்டுகிறது.

ஏப்ரல் 17
ஆள் பிடிப்பதைக் கூலித் தொழிலாக்கியது அமெரிக்கா. அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு கம்பெனியே ஜாமீன் நிற்கும். ஆள் ஓடினால் பிடிக்க ஆள் அனுப்பும். வேறு மாநிலத்துக்கும் விரட்டிப் போகலாம் என்று 1872-ல் டெய்லர் எதிர் டெய்ன்டர் தீர்ப்பு சொன்னது. மாநிலம்தான், வேறு நாடு அல்ல. 1981-ல் டொராண்டோவில் ஒருவரைத் தூக்கி ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோன இருவரை, ஆள்கடத்தல் வழக்கில் ஒப்படைக்கச் சொல்லி வாங்கியது கனடா. 2003-ல் மெக்சிகோவில் ஒருவனைப் பிடித்த டுவேன் சாப்மன் என்ற அமெரிக்க ஆள்பிடிக்காரரை அந்நாட்டுப் போலீஸ் பிடித்தது.

நம் ஊரில் இந்த வியாபாரமே நிற்காது. "நான் ஓடினால் உன் நஷ்டத்தைக் கட்டுகிறேன்" என்று குற்றம் சாட்டப்பட்டவனிடம் எழுதி வாங்கினாலும் ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி செல்லாது.

ஏப்ரல் 19
பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 40-வது பிரிவு தனிநபருக்குக் கைது அதிகாரம் தருகிறதே என்பார்கள். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடக்க வேண்டும்; இல்லை, அவன் தலைமறைவானவன் என்று நீதிமன்றமே அறிவித்த பிரகடனக் குற்றவாளியாக இருக்க வேண்டும். பிடித்தால் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். வாய்தா தவறியவனெல்லாம் பிரகடனக் குற்றவாளி ஆகிவிட மாட்டான்: 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றம், 30 நாளுக்குக் குறையாத கெடு, அதன்பின் நீதிமன்ற அறிவிப்பு, இத்தனையும் வேண்டும். பிடிவாரண்ட் நகல் கையில் இருப்பதால் மட்டும் அதிகாரம் வந்துவிடாது.

மன்னாரில் தூக்கினால் அது இலங்கைச் சட்டத்தில் கடத்தல். "தீடையில இறக்கிடுறோம், நீங்க வந்து எடுத்துக்கங்க" என்பவரை நம்பவே நம்பாதீர்கள். தீடை வெறும் மணல் திட்டு. நிழலில்லை, குடிதண்ணீரில்லை, சுற்றிலும் நீரோட்டம். கையைக் கட்டி ஒருவனை அங்கே விடுவது கொலைக்குச் சமம்.

ஏப்ரல் 22
செய்ய வேண்டியது இதுதான். ஆள் தலைமறைவாகப் போகிறான் என்று தெரிந்த அன்றே, ஜாமீன் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்கக் கோரி அதே பி.என்.எஸ்.எஸ். 489-ன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அவர் பிடிவாரண்ட் போடுவார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மனுப் போட்டதும் பொறுப்பு தீராது, ஆள் ஆஜரானால்தான் தீரும்.

பாஸ்போர்ட் எண், போட்டோ, அங்க அடையாளம், அக்கரை உறவினர் முகவரி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஆளைக் கேட்டு வாங்குவது 1962-ம் ஆண்டு ஒப்படைப்புச் சட்ட வழியில், வெளியுறவு அமைச்சகம் மூலமாகத்தான். போலீஸ் கோப்புக்கு உயிர் தருவது இந்த விவரங்களே. ஆளைத் தேடச் சொல்லி நாடுகளுக்கு அனுப்பும் இன்டர்போல் ரெட் நோட்டீஸ் பிடிவாரண்ட் ஆகாது.

ஜாமீன் தொகையைக் கட்டு, இல்லை காரணம் சொல் என்று 491-ன்கீழ் நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்காதீர்கள். தேதிவாரியாக ரசீதுகளை வைத்துப் பதில் போட்டால், தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கட்டாமல், வசூலிக்கவும் முடியாமல் போனால் 6 மாதம் வரை சிவில் சிறை. மாஜிஸ்திரேட் உத்தரவு பாதகமானால் 495-ன்கீழ் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல்.