ரெண்டு வேரியபிள் ஃபங்ஷனா, 3டிக்கு முன்னாடி காண்டூர் போடுங்க

ரெண்டு வேரியபிள் ஃபங்ஷன், அதாவது எக்ஸ், ஒய்னு ரெண்டு நம்பர் குடுத்தா ஒரு உயரம் தர்றது, அப்படின்னதும் எல்லாரும் உடனே ஜியோஜீப்ரா, பைத்தான்னு ஏதாவது சாஃப்ட்வேர் திறந்து கலர் கலரா ஒரு 3டி சர்ஃபேஸ் வரவச்சு மவுஸால சுத்திச் சுத்திப் பாக்குறாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா முன்னாடி இருக்குற மேடு பின்னாடி இருக்குற பள்ளத்தை மறைச்சுடும், எங்க எவ்ளோ உயரம்னு கேட்டா அந்தப் படத்தை வச்சு சொல்லவே முடியாது.

என்னைக் கேட்டா முதல்ல ஒய்யை ஒரு நம்பர்ல நிறுத்திடுங்க. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒய் ஸ்கொயர் எடுத்துக்கலாம். ஒய் 0ன்னா மேல திறந்த பாரபோலா, 1ன்னா அதே பாரபோலா 1 கீழ இறங்கும், 2ன்னா 4 இறங்கும். இப்ப எக்ஸை நிறுத்துங்க, எல்லாமே கவுத்துப் போட்ட பாரபோலா. அவ்ளோதான், குதிரைச் சேணம் மனசுலயே வந்துடும்.

அடுத்து காண்டூர், அதாவது ஒரே உயரம் இருக்குற புள்ளிகளையெல்லாம் இணைக்கிற கோடு. (வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1701லயே அட்லாண்டிக் கடல் மேப்ல காந்த ஊசி வடக்குலேந்து ஒரே அளவு விலகுற இடங்களை இப்படித்தான் கோடு போட்டுக் காட்டினார்.) இதுல கோட்டோட வடிவத்தை மட்டும் பாத்தா பத்தாது, இடைவெளியையும் பாக்கணும். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒய் ஸ்கொயருக்கும் வட்டம்தான், அதோட ஸ்கொயர் ரூட்டுக்கும் வட்டம்தான், ஆனா 1, 2, 3, 4ன்னு உயரம் எடுத்தா ரூட்டுக்கு ரேடியஸும் 1, 2, 3, 4, சமமான இடைவெளி, அதனால கூம்பு, இன்னொண்ணுக்கு 1, 1.41, 1.73, 2ன்னு வெளிய போகப் போக நெருங்குது, நெருங்க நெருங்க ஏத்தம் செங்குத்தாகுதுன்னு அர்த்தம், அதனால கிண்ணம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எக்ஸ் ஒய்யை எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒய் ஸ்கொயரால வகுக்குற ஃபங்ஷன். 3டில போட்டா ஆரிஜின் (எக்ஸ், ஒய் ரெண்டும் 0 ஆகுற புள்ளி) பக்கத்துல ஏதோ கசங்கின மாதிரி வரும், சாஃப்ட்வேர் கட்டம் கட்டமா புள்ளி எடுத்து இணைக்குதுல்ல, அதனால. காண்டூர் போட்டா எல்லாமே ஆரிஜினைப் பாத்துப் போற நேர்கோடு! ஆக்சிஸ் மேல 0, எக்ஸும் ஒய்யும் சமமா இருக்குற கோட்டுல 1/2, அதுக்குச் செங்குத்தான கோட்டுல மைனஸ் 1/2. இத்தனை வேற வேற உயரமும் ஒரே புள்ளிக்கு வந்து சேருது, அப்ப அங்க லிமிட், அதாவது எந்த வழியா நெருங்கினாலும் போய்ச் சேர்ற ஒரே மதிப்பு, எப்படி இருக்கும்? லிமிட்டை நிரூபிக்கிற எப்சிலான் டெல்டா முறையைத் தொடுறதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரிஞ்சுடுது.

இது பிடிச்சிருந்தா மேல எக்ஸ் ஸ்கொயர் ஒய், கீழ எக்ஸ் பவர் 4 பிளஸ் ஒய் ஸ்கொயர் வச்சு வரைஞ்சு பாருங்க, எந்த நேர்கோட்டுல ஆரிஜினுக்கு வந்தாலும் 0க்குத்தான் போகும், ஆனா 0 உயரத்தைத் தவிர மத்த காண்டூர் எல்லாம் பாரபோலா, ஒய் ஈக்வல்டு எக்ஸ் ஸ்கொயர் வழியா வந்தா கடைசி வரைக்கும் 1/2தான்.