நாற்பது மீட்டர்

“நீங்கள் சொன்னால் போகிறேன்” என்றார் வழிகாட்டி. “போகலாம்” என்றேன் நான். இடையில் மூன்று நொடிகள்கூடக் கழிந்திருக்காது. 2024 ஆகஸ்ட்டில், கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில், ஊர் திரும்புவதற்கு முந்தைய கடைசிக் காலைச் சுற்றில் நடந்தது இது. ஆப்பிரிக்கக் காட்டுப் பயணங்களை வகுத்துக் கொடுப்பதும் குழுக்களை உடனிருந்து அழைத்துச் செல்வதும் பன்னிரண்டு ஆண்டுகளாக என் தொழில். அதில் செய்த பிழைகள் பல, அவற்றில் பெரும்பாலானவை மறந்தும் போயின. இந்த ஒரு சொல் மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

கரையான் புற்றின் மேல் ஒரு பெண் சிவிங்கி, அதாவது சீட்டா, உட்கார்ந்திருந்தது. கீழே புல்லுக்குள் மூன்று குட்டிகள். எங்கள் குழுவில் எல்லோரும் அதைச் சிறுத்தை என்றே சொன்னார்கள். தமிழில் சிவிங்கி என்று தனிச்சொல்லே இருக்கிறது என முதல் நாளே சொல்லியிருந்தும், அதைப் பிடித்துக்கொண்டவர் டீச்சர் ஒருவர்தான். ஐந்து வண்டிகள் ஏற்கெனவே அங்கே நின்றன. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, தடத்தை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாது என்பவை காப்பகத்தின் விதிகள். ஆகவே எங்கள் வண்டி எண்பது மீட்டர் தள்ளி, தடத்திலேயே, முறைக்காகக் காத்து நின்றது.

டீச்சருக்கு எழுபத்திரண்டு வயது. தஞ்சைப் பக்கத்து அரசுப் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவர். சவானாப் புல்வெளியையும் பிளவுப் பள்ளத்தாக்கையும் கரும்பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வந்திருந்தார். முந்தைய நாள் மாரா ஆற்றங்கரையில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் திரண்ட வைல்டுபீஸ்ட்டுகள் என்னும் பெரிய மான்கள் நீர் விளிம்புவரை வந்து, எதற்கோ மிரண்டு, வந்த வழியே திரும்பிவிட்டன. அவை எப்போது ஆற்றில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதைப் புறப்படும் முன்பே எல்லோருக்கும் நான் விளக்குவதுண்டு. ஆனால் என் விளம்பரத் தாளின் முகப்பில் இருப்பது ஆற்றில் பாயும் வைல்டுபீஸ்ட்டுகளின் படம்தான்.

அன்று காலை டீச்சர் பைனாகுலரை மடியில் இறக்கி வைத்தார். “எனக்கு வெறும் புல்லுதான் தெரியுது தம்பி. கை நடுங்குது, கண்ணாடிக்குள்ள நிக்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொல்லக் கூடாதா?” என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. பலகை தெரியவில்லை என்று கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுந்து சொல்வதைப் போலச் சொன்னார். தமிழ் தெரியாவிட்டாலும் வழிகாட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முன் இருக்கையிலிருந்து திரும்பி, டீச்சரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் போகலாம் என்றதும் “சாவா” என்றார். சுவாஹிலியில் அதற்குச் ‘சரி’ என்று பொருள். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்ட டீச்சருக்கு நான்தான் பொருள் சொன்னேன். இந்தக் கடைசிக் காலையில் என் காதில் அது தமிழாகவே விழுந்தது.

வண்டி புல்லில் இறங்கி நாற்பது மீட்டர் ஊர்ந்தது. எங்களுக்குப் பின்னால் காத்திருந்த இரண்டு வண்டிகளும், நாங்கள் இறங்கியதைப் பார்த்து இறங்கின. தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த தாம்சன் கெசல் மான்கள் தலை தூக்கின. அதுவரை அவற்றின் மேல் கண் வைத்திருந்த சிவிங்கி எங்கள் பக்கம் திரும்பியது. கண்ணோரத்திலிருந்து வாய்வரை ஓடும் கறுப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அழுதார். சற்று நேரத்தில் அது புற்றிலிருந்து இறங்கி, குட்டிகளை அழைத்துக்கொண்டு, மான்களுக்கு எதிர்த்திசையில் இருந்த புதருக்குள் போய்விட்டது.

நடந்தது அவ்வளவுதான். மான்கள் ஒருவேளை முன்பே அதைக் கண்டுகொண்டிருக்கலாம். சிவிங்கி எல்லா வேட்டையிலும் வெல்வதில்லை. எங்களுக்கு முன்பே ஐந்து வண்டிகள் அங்கே இருந்தன, ஆறாவது வண்டியால் என்ன கெட்டுவிடும் என்றும் நான் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இவை எதுவும் பொய் அல்ல. ஆனாலும் ஊருக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் வயிறு தெரிந்தது. ஒட்டிப்போன வயிறு. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் இரையைப் பறிகொடுக்காதிருக்கத்தான் சிவிங்கி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது, அந்தப் பகல் வேளைகளைத்தான் எங்கள் வண்டிகளும் எடுத்துக்கொள்கின்றன. மாராவில் 2013 முதல் 2017 வரை நடந்த ஓர் ஆய்வின்படி, சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளே வளர்ந்து தாயை விட்டுப் பிரியும் வயதை எட்டின. வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3. இந்த எண்களை நான் பிறகு தேடிப் படிக்கவில்லை. பயணத்துக்கு முன் நடத்தும் கூட்டங்களில் நானே சொல்லிவந்த எண்கள் இவை. டீச்சர் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

சிவிங்கியைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்த வழிகாட்டியின் கேள்வி. என்னிடம் அனுமதி கேட்கிறார் என்றே அன்று நினைத்தேன். காவலர் கண்ணில் பட்டிருந்தால் அபராதம் விழுவது அவர் பெயரில், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பயணம் முடிந்ததும் ஒவ்வொரு வழிகாட்டியைப் பற்றியும் நான் எழுதும் மதிப்பீட்டைப் பொறுத்தே அடுத்த பருவத்தில் அவருக்கு வேலை அமைகிறது. அப்படிப்பட்ட ஒருவரால் என் விருந்தாளியிடம் முடியாது என்று சொல்லியிருக்க இயலாது. அதைச் சொல்லக்கூடியவன் அந்த வண்டியில் நான் ஒருவன்தான். தாம் சொல்ல முடியாததை நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் என்னைப் பார்த்தாரோ? அல்லது பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இறங்கினாரோ? இரண்டும் இல்லாமல், டீச்சரைப் பார்த்து அவருக்கும் மனம் இளகியிருக்கலாம். கடைசி நாளில் வழக்கத்தைவிட அதிக அன்பளிப்புக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்காகக் கொடுத்தேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

அதன் பிறகு, பணம் கொடுக்க முடிந்தவர்களைக் காப்பகத்தை ஒட்டியுள்ள கன்சர்வன்சிகளுக்கு அனுப்புகிறேன். மசாய் குடும்பங்களின் நிலத்தை மாத வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் இடங்கள் அவை; நிலப்பரப்புக்கு ஏற்பத்தான் விடுதிப் படுக்கைகள், அதனால் வண்டிகளும் சில. அங்கே தடத்தை விட்டு இறங்கவும் அனுமதி உண்டு. விலை டீச்சரைப் போன்றவர்களுக்கு எட்டாது. காப்பகத்துக்கே ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை அதில் பாதிதான், கூட்டமும் குறைவு. நம் பள்ளிக் கோடை விடுமுறை அங்கே பெருமழைக் காலத்தில் விழுவதால் குடும்பங்களிடம் அந்த மாதங்களை விற்க முடிவதில்லை. ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியைக்குப் பள்ளி விடுமுறை ஒரு தடையே அல்ல. பிப்ரவரியில் போங்கள், காத்திருக்கவும் நேரம் கிடைக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் கையில் இருந்தது என் விளம்பரத் தாள், அதில் இருந்தது ஆற்றின் படம். மற்ற மாதங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை. விற்பனையாளனாக அதில் தவறில்லை என்று ஒரு நாளும், அங்கேதான் தவறு தொடங்கியது என்று இன்னொரு நாளும் தோன்றுகிறது. அதே காலை மீண்டும் வந்து, அதே நடுங்கும் கைகளைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்ற உறுதியும் எனக்கு இல்லை.

சில மாதங்களுக்கு முன் டீச்சர் தொலைபேசியில் அழைத்து, “அந்தச் சிவிங்கிக் குட்டிங்க இப்ப பெரிசாயிருக்குமே தம்பி, கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பினேன். அதே பகுதியில் ஒற்றைக் குட்டியோடு ஒரு பெண் சிவிங்கியை இருமுறை பார்த்ததாகவும், அதே தாயா என்று தெரியவில்லை என்றும் பதில் வந்தது. ஒவ்வொரு சிவிங்கியின் புள்ளிகளும் வேறுவேறு. விலாப்புறம் தெரியும் படம் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம், அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

படம் என்னிடம் இருக்கிறது. விலாவும் அந்த வயிறும் அதில் நன்றாகவே தெரிகின்றன. இன்னும் அனுப்பவில்லை. டீச்சரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.