ஃபண்ட் நின்ன பிறகும் முதியவங்களோட டிப்ரஷன் ஃபாலோ-அப்பை ஓட்டின கதை

நான் ஒரு பிரைமரி கேர் கிளினிக்ல நர்ஸ். அறுபது தாண்டினவங்களுக்கு டிப்ரஷன் இருக்கான்னு பாத்து அங்கயே ட்ரீட்மென்ட் குடுக்குற ப்ராஜெக்ட்ல என்னை கேர் மேனேஜரா போட்டிருந்தாங்க. ஃபண்ட் முடிஞ்சதும் பழையபடி பிபி, சுகர் பக்கமே அனுப்பப் பாத்தாங்க. அதுக்கப்புறமும் எப்படி விடாம ஓட்டினோம்னு எழுதுறேன், இதே நிலைமையில மாட்டிருக்கவங்களுக்கு உதவும்.

இந்த முறைக்கு கொலாபரேடிவ் கேர்னு பேர், தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கிளினிக் டாக்டர் மருந்து எழுதுவார், கேர் மேனேஜர் போன்லயும் நேர்லயும் தொடர்ந்து விசாரிப்பாங்க, சைக்யாட்ரிஸ்ட் பெரும்பாலும் பேஷண்ட்டைப் பாக்காமலே வாரம் ஒருக்கா பேஷண்ட் லிஸ்ட்டை வச்சு யோசனை சொல்வார்.

இந்த முறையை சோதிச்சுப் பாத்து 2002ல வந்த அமெரிக்க இம்பாக்ட் ஆய்வுல 1801 பேர், எல்லாருமே 60 வயசுக்கு மேல. ஒரு வருஷத்துல அறிகுறி பாதியாவது குறைஞ்சவங்க இந்த முறையில 45 சதவீதம், வழக்கமான சிகிச்சையில 19. இதை நிர்வாகத்துக்கிட்ட காட்டினா, "எல்லாம் சரிதான், உங்க சம்பளத்தை எந்தக் கணக்குல எழுதுறது?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். அமெரிக்காவுல மெடிகேர், அதாவது முதியவங்களுக்கான அரசு காப்பீடு, 2017லேர்ந்து இதுக்குன்னு மாசாமாசம் தனியா பணம் குடுக்குது, எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை, கேள்வித்தாள் நிரப்புறதை யாரும் நிறுத்தச் சொல்லல, போன் பண்றதைத்தான் நிறுத்தச் சொன்னாங்க! ஆனா வேலையே அங்கதான் நடக்குது. ஒரு பாட்டி, பிஹெச்க்யூ-9ல (அதான் அந்த ஒன்பது கேள்வி டிப்ரஷன் கேள்வித்தாள், 27க்கு எவ்வளவுன்னு ஸ்கோர், கூடக் கூட மோசம்) ஸ்கோர் 16, டாக்டர் கேட்டப்பல்லாம் "நல்லாத்தான் இருக்கேன் சார்"னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. போன்ல மெதுவா பேச்சுக் குடுத்தா, "குமட்டுதும்மா, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன், டாக்டர் கோச்சுக்குவாரேன்னு சொல்லல"ன்னாங்க. சைக்யாட்ரிஸ்ட் கிட்ட கேட்டோம், கம்மி டோஸ்ல மறுபடி ஆரம்பிங்க, நீர் பிரியுற மாத்திரையும் போடுறாங்கல்ல, ரெண்டும் சேந்தா ரத்தத்துல சோடியம் குறையலாம், ஒருக்கா பாத்துடுங்கன்னார். மருந்தோட தினமும் சாயங்காலம் பக்கத்து வீடு வரைக்குமாவது போய் உக்காந்து பேசிட்டு வரணும்னு அவங்களையே ஒத்துக்க வச்சேன். ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, ஸ்கோர் 7க்கு வந்துச்சு. போன் இல்லன்னா அது 16லயே கிடந்திருக்கும்.

கடைசியில நிர்வாகம் இறங்கி வந்தது டிப்ரஷனுக்காக இல்ல, சுகருக்காக. மனசு விட்டுப்போனவங்க சுகர் மாத்திரையும் ஒழுங்கா போடமாட்டாங்க, எங்க சுகர் லிஸ்ட்ல கன்ட்ரோல் இல்லாதவங்களும் என் லிஸ்ட்ல இருந்தவங்களும் நிறைய பேர் ஒரே ஆளுங்கதான். அதனால ரெண்டு ஃபாலோ-அப்பையும் ஒரே போன்ல முடிச்சுடுறேன்னு கேட்டேன், செவ்வாய் மத்தியானம் வேற டியூட்டி போடாம விட்டாங்க. அந்த ஒரு மத்தியானத்தை காப்பாத்துறதுக்கே தனி சண்டை, ஆள் குறைஞ்சா முதல்ல கண்ணு அதுமேலதான் போகும்.

அப்புறம் லிஸ்ட் வீங்க விடக்கூடாது. ஸ்கோர் 5க்குக் கீழ வந்து நிலையா இருக்கவங்களுக்கு, திரும்ப தூக்கம் கெட்டாலோ யார்கூடவும் பேசப் பிடிக்காம போனாலோ யாருக்கு போன் பண்ணணும்னு எழுதிக் குடுத்துட்டு மாசம் ஒரு போன், கொஞ்ச நாள்ல அதையும் நிறுத்திடுவோம். இல்லன்னா புது ஆளுக்கு இடமே இருக்காது. ஒன்பதாவது கேள்வி, அதான் செத்துட்டா தேவலன்னு தோணுதாங்குறது, அதுக்கு ஆமான்னு வந்தா மட்டும் செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கிறதில்ல, அன்னிக்கே டாக்டர் பேசியாகணும்.

இப்போ இன்னொரு நர்ஸுக்கும் கத்துக்குடுத்துட்டு இருக்கேன், நான் லீவு போட்டா பேஷண்ட் லிஸ்ட் இருக்குற எக்செல் ஷீட்டைத் திறக்கவே ஆள் இல்லாம இருந்துச்சு. காது சரியா கேக்காத தாத்தாக்களை என்ன பண்றதுன்னுதான் இன்னும் பிடிபடல, அவங்களை பிபி செக்கப்புக்கு வர்ற அன்னிக்கு நேர்ல பிடிச்சு உக்கார வச்சுப் பேசுறோம்.