பெங்களூரில் பழைய வீடு வாங்குமுன்

தமிழ்நாட்டிலிருந்து வந்து பெங்களூரில் வீடு பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "பட்டா யார் பேரில் இருக்கு?" நகருக்குள் இங்கே கேட்க வேண்டியது காத்தா. அது சொத்துவரிப் பதிவு மட்டுமே. வீடு யாருடையது என்பதைக் கிரயப் பத்திரமும் மூலப்பத்திரங்களும்தான் சொல்லும். விதிப்படி உள்ளவை ஏ காத்தாவிலும், அனுமதியில்லாத லேஅவுட், விதிமீறிய கட்டடம் போன்றவை பி காத்தாவிலும் இருக்கும். வரி கட்டினாலும் அந்தக் குறை தீராது. பல வங்கிகள் கடன் தராது. "சீக்கிரம் ஏ காத்தா ஆயிடும் சார்" என்று புரோக்கர் சொன்னால், ஆன பிறகு அட்வான்ஸ் தருவதாகச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்றை கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் எடுக்கலாம். 2004 ஏப்ரலுக்கு முந்தையதற்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்தான். பத்திரம் கன்னடத்தில் இருந்தால் புரோக்கர் வாசித்துச் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்கள் அமர்த்திய வக்கீல் வாசிக்கட்டும். டேப்பை எடுத்துப்போய் பத்திரத்தில் உள்ள செக்குபந்தி (நான்கு எல்லை) அளவுகளை நீங்களே அளந்து பாருங்கள். 30க்கு 40 அடி மனையில் நான்கு மாடி நின்றால், அனுமதி எத்தனை மாடிக்கு என்று பிளானில் பாருங்கள்.

காகிதத்தைவிட அதிகம் ஏமாற்றுவது தண்ணீர். காவிரி நீர் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஏப்ரலில் கேட்டால் உண்மை வரும். சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) நீள, அகல, ஆழத்தை மீட்டரில் அளந்து பெருக்கி 1,000ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியை அழைத்துவிட்டு 6,000 லிட்டர் சம்ப்பில் கொட்ட முடியாது. மோட்டாரைப் போட்டு, போர்வெல் தண்ணீர் அரைமணி நேரமாவது விடாமல் வருகிறதா என்று நின்று பாருங்கள்.

ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) அருகில் என்றால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலை ரெயின்போ டிரைவில் வில்லாக்களுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. காம்பவுண்டு சுவரில் கறைக்கோடு, வாசலில் புதிதாகக் கட்டிய தடுப்பு, மேடைமேல் ஏற்றிய மோட்டார் எல்லாம் முன்பு தண்ணீர் வந்ததற்கான அடையாளம். கீழ்த்தளத்துக்கு மட்டும் புது பெயிண்ட் என்றாலும் சந்தேகப்படுங்கள். பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங்கைத் தடவிப் பாருங்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டினால் உள்ளே பொள்ளல் இருக்கும் இடம் சத்தத்தில் தெரிந்துவிடும்.

பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டு 31 முதல் 2%. முத்திரைத்தீர்வை, செஸ் சேர்த்தால் 90 லட்சம் வீட்டுக்குக் கிட்டத்தட்ட 6.84 லட்சம் ஆகும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1% டிடிஎஸ் (வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் அந்த 1% கணக்கு செல்லாது. ஆடிட்டரைக் கேட்டுவிட்டே செக் எழுதுங்கள்.