ரிஜிஸ்ட்ரி கிளீனருக்கு 799 ரூபாய் கொடுத்த கதை

கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் முகப்பை ஒட்டிய அறையை வாடகைக்கு எடுத்து, பத்திரிகை வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். கல்யாணம், அறுபதாம் சாந்தி, காதுகுத்து, எதுவானாலும் டைப் செய்து, வடிவமைத்து, காரைக்குடியில் அச்சடித்து வாங்கிக் கொடுப்பேன். சொத்து என்று இருப்பது ஒரே கம்ப்யூட்டர். 2015-இல் வாங்கியது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இடையில் ஏற்றிக்கொண்ட விண்டோஸ் 10.

போன ஆவணியில் அது படுத்தியது கொஞ்சமில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய், ஆச்சி கொடுக்கும் காபியைக் குடித்து, அவர் சொல்லும் ஊர்க்கதையையும் கேட்டுவிட்டு வந்தால் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். 6 நிமிடம் 40 விநாடி. கையில் தேவகோட்டைக்காரர் ஒருவரின் அறுபதாம் சாந்திப் பத்திரிகை. அழைப்பவர் பெயர்ப் பட்டியலே இரண்டு பக்கம். ஒரு பெயரைத் திருத்திச் சேமிக்க வேண்டுமென்றால் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மவுஸைத் தொடுவேன்.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் ஏதோ ஒரு எழுத்துருவைத் தரவிறக்கப் போன இடத்தில் அந்த விளம்பரம் வந்தது. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, ரிஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் பதிவுகளை வைத்திருக்கும் இடம்) சுத்தம் செய்யுங்கள், சோதனை இலவசம். இறக்கினேன். மூன்று நிமிடம் ஓடியது. 1,143 பிழைகள் என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் காரில் இருப்பது மாதிரி ஒரு மீட்டர் போட்டு, முள்ளை ‘ஆபத்து’ பக்கம் சாய்த்து வைத்திருந்தது. பார்ப்பது இலவசம், சரிசெய்யக் காசு. 799 ரூபாய். கட்டினேன்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிரிண்டர், ஸ்கேனர், என் எழுத்துருக்கள் எல்லாம் இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் என எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டேன்.

‘பேக்கப் எடுக்கவா?’ என்று கேட்டது. முதல் தடவை ஆமாம் என்றேன். 1,143-ம் பச்சையாக மாறின. மறுபடி சோதித்தால் புதிதாக 212. இந்தத் தடவை பேக்கப் வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டேன், ஏற்கெனவே ஒன்று எடுத்தாயிற்றே என்ற நினைப்பில். அதையும் துடைத்தேன். ரீஸ்டார்ட். செல்போனில் நேரம் வைத்தேன்.

6 நிமிடம் 35 விநாடி.

ஐந்து விநாடிக்கு 799 ரூபாய். சரி, போகட்டும் என்று டிஸ்க்கைச் சொருகிப் பத்திரிகையைத் திறந்தேன். திறந்தது. ஆனால் தமிழ் இல்லை. நான் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கிறேன், யூனிகோடுக்கு மாறவில்லை. அந்த வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பவை. எழுத்துரு காணாமல் போனால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். இரண்டு பக்கப் பெயர்ப் பட்டியலும் அப்படி ஆகியிருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. மீனாட்சி, வள்ளியம்மை, லெட்சுமணன் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அன்று இரவு வடிவமைப்பு மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினேன். பயனில்லை. இன்னொரு தடவை ஏற்றினேன். விடிந்ததும் ஆச்சி முகப்புக்கு வந்து, “என்ன தம்பி, ராத்திரி முழுக்க வெளக்கு எரிஞ்சுச்சு, யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?” என்றார். கம்ப்யூட்டருக்குத்தான் என்றேன்.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் பழக்கம். மதியம் பைக்கில் வந்தார். திரையைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே, “அண்ணே, ரிஜிஸ்ட்ரியைத் தொடச்சீங்களா?” என்பதுதான். ஊருக்கு ஒருவராவது செய்வார்கள் போலிருக்கிறது.

அவர் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பேரேடு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்த வகை ஃபைலை எது திறக்க வேண்டும், எந்த எழுத்துரு எந்த ஃபைலில் இருக்கிறது, எல்லாம் அதில் பதிவு. 1992-இல் விண்டோஸ் 3.1-இல் சின்னதாக ஆரம்பித்து, விண்டோஸ் 95-இல் இருந்து முழுப் பேரேடாக ஆனது. ஒரு மென்பொருளை நீக்கும்போது அது தன் பதிவுகளை முழுக்கத் துடைத்துவிட்டுப் போவதில்லை. சில வரிகள் மிச்சம் கிடக்கும். கிளீனர் அதைத்தான் தேடுகிறது. தேடும் விதம் ரொம்ப எளிது: இந்த வரி ஒரு ஃபைலைக் காட்டுகிறது, அந்த ஃபைல் அந்த இடத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் ‘பிழை’.

என் எழுத்துருக்களை விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டருக்குள் நகல் எடுக்காமல், டிஸ்க்கில் இருந்தபடியே ஷார்ட்கட்டாக நிறுவியிருந்தேன். சி டிரைவில் இடம் மிச்சமாகட்டும் என்று. ஆகவே பேரேட்டில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ‘இ டிரைவில் பார்’ என்று எழுதியிருந்தது. நான் டிஸ்க்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். கிளீனர் போய்ப் பார்த்தது, இ டிரைவே இல்லை. முந்நூற்றுச் சொச்சம் எழுத்துருக்களையும் அடித்துவிட்டது.

இதைக் கேட்டதும் எனக்கு நான் இருக்கும் வீடுதான் நினைவுக்கு வந்தது. வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொன்றும் ஒரு மகனுக்கு, அவர் வாரிசுக்கு. பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. சாவி ஒன்று சென்னையில், ஒன்று சிங்கப்பூரில். நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. ஊர்க் கோயிலில் புள்ளிக் கணக்கு வைத்து வரி வாங்குவார்கள். ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் புள்ளி ஊரில்தான். புதிதாக வந்த கணக்குப்பிள்ளை ஒருவர் அறை அறையாகத் தட்டிப் பார்த்து, கதவு திறக்கவில்லை என்பதற்காகப் பேரை அடித்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? நான் 799 ரூபாய் சம்பளம் கொடுத்து வைத்த கணக்குப்பிள்ளை அதைத்தான் செய்திருக்கிறார். செத்தவர் யார், சிங்கப்பூர் போனவர் யார் என்று அவருக்குத் தெரியாது.

மீட்ட கதைக்கு வருகிறேன். முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகி, அது பழையபடி இ என்ற எழுத்திலேயே வருகிறதா என்று தம்பி பார்த்துக்கொண்டார். அப்புறம் கிளீனர் எடுத்து வைத்திருந்த பேக்கப்பைத் தேடினார். டாக்குமென்ட்ஸுக்குள் ஒரு ஃபோல்டரில் ஒற்றை ரெஜ் ஃபைலாக இருந்தது. நோட்பேடில் திறந்து கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டு, இரட்டைக் கிளிக் செய்து, ஆமாம் கொடுத்தார். அடித்த வரிகள் பேரேட்டில் திரும்ப ஏறின. ரீஸ்டார்ட் செய்து (இன்னொரு ஆறரை நிமிடம்) பத்திரிகையைத் திறந்தால் வள்ளியம்மை வள்ளியம்மையாக இருந்தார்.

இரண்டாவது தடவை துடைத்த 212 வரிகளுக்கு நகல் இல்லை. கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரைப் பார்த்தார். என் கம்ப்யூட்டரில் அது அணைந்தே கிடந்திருக்கிறது. ஒரு மீட்புப் புள்ளிகூட இல்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் ரெக்பேக் என்று ஒரு ஃபோல்டர். முன்பெல்லாம் விண்டோஸ் தானாகவே ரிஜிஸ்ட்ரியின் நகலை அங்கே வைக்குமாம். ஆர்வத்தோடு திறந்தோம். ஃபைல் பெயர்கள் எல்லாம் இருந்தன, அளவு மட்டும் 0. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தப் பழக்கத்தை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதாகத் தம்பி சொன்னார். 212-இல் எனக்குத் தெரிந்து அடிபட்டது ஸ்கேனர் மென்பொருள் மட்டும். அதை மறுபடி நிறுவினோம். வேறு என்ன போயிற்றோ, இதுவரை எதுவும் முனகவில்லை.

சரி, மெதுவாக இருந்ததற்கு என்னதான் காரணம்? தம்பி டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். டிஸ்க் என்ற கட்டத்தில் 100 சதவீதம், இறங்கவே இல்லை. ஸ்டார்ட்அப் பட்டியலில் 14 மென்பொருள்கள் காலையிலேயே எழுந்து வரிசையில் நின்றன. அதில் ஒன்று, நான் காசு கொடுத்து வாங்கிய கிளீனர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது ஹார்ட் டிஸ்க்குக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக உபரிப் பகுதிகளை அது எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. “நம்ம அவசரமா பார்க்க வேண்டியது இதைத்தான்ணே. இது ஒருநாள் மொத்தமா போயிரும்” என்றார். பெட்டியைத் திறந்தால் விசிறியில் நம் ஊர்ச் செம்மண் ஒரு விரல் கனத்துக்கு.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ராமும் வாங்கி வந்தார். விண்டோஸைப் புதிதாக ஏற்றவில்லை. பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்தோம். தேவையில்லாத 11 மென்பொருள்களை ஸ்டார்ட்அப்பில் நிறுத்தினோம். புளோயர் வைத்து மண்ணை ஊதினோம். ஆச்சி வளவிலிருந்து சத்தம் போட்டார்.

24 விநாடி. நம்பாமல் மூன்று தடவை பார்த்தேன்.

நகல் எடுத்த முறைதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. பேக்கப்பிலிருந்து மீட்ட பழைய குப்பை வரிகள் உட்பட அதே ரிஜிஸ்ட்ரிதான் எஸ்எஸ்டிக்கும் வந்திருக்கிறது. நீக்குவதற்கு முன் கிளீனரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்: ஆயிரத்துக்கு மேல் பிழை, முள் ஆபத்தில். கம்ப்யூட்டரோ பறக்கிறது. விண்டோஸ் தனக்கு வேண்டிய வரியைக் கிளை கிளையாகப் போய் எடுத்துக்கொள்ளுமே தவிர, பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டு உட்காராது. ஆயிரம் வீண் வரிகளைச் சேர்த்தாலும் செல்போனில் எடுத்த ஒரு படத்தின் அளவுகூட வராது.

பிற்பாடு தேடிப் படித்ததில் தெரிந்தது: தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்ட்டே ரெக்கிளீன் என்று ஒரு கருவி கொடுத்து, பிறகு விலக்கிக்கொண்டிருக்கிறது. இப்போது ரிஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை, அதனால் வரும் கோளாறுக்கு விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டி வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. இலவசச் சோதனையில் பயமுறுத்திக் காசு கேட்கும் மென்பொருள்களை வேண்டாதவை என்று விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் கணக்கில் எடுப்பது 2018 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறதாம். என்னிடம் வந்தது எப்படித் தப்பித்ததோ.

சிஸ்டம் ரீஸ்டோரைப் போட்டு வைத்திருக்கிறேன். எழுத்துருக்களை எல்லாம் சி டிரைவுக்கே நகல் எடுத்தாயிற்று. தேவகோட்டைப் பத்திரிகை ஒருநாள் தாமதமாகப் போனது. பெயர்களில் ஒரு பிழையும் இல்லை என்று அவர்கள் சொன்னதில் தாமதம் மறந்துபோனது.

கிளீனர்காரர்கள் மட்டும் என்னை மறக்கவில்லை. வாரம் ஒரு மின்னஞ்சல். போன வெள்ளிக்கிழமை வந்ததில், என் கம்ப்யூட்டரில் 1,306 பிழைகள் இருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்த மென்பொருளை நான் நீக்கி நான்கு மாதம் ஆகிறது.