மேளம் அடித்தால் தரை சாய்கிறது

மதுரையிலிருந்து டர்பனுக்கு வந்து காது பரிசோதனை வேலையில் சேர்ந்த புதிது. இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்தார், பாதி இங்கிலீஷ், பாதி பாட்டி காலத்துத் தமிழ். "தைப்பூசக் காவடியில மேளத்துக்குப் பக்கத்துல நின்னா தரை சாயுது தம்பி. வீட்டுல சாமி வருதுங்கிறாங்க. இது சாமி இல்ல, எனக்குத் தெரியும்."

கேட்கும் திறனைச் சோதித்தேன். இடது காதில் தாழ்ந்த ஒலிகள் எலும்பு வழியாக இயல்பைவிட நன்றாகவே கேட்டன. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, பதற்றம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தவர், போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "கண்ண உருட்டினா அந்தச் சத்தம் காதுல கேக்குது." தூக்கிவாரிப் போட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிவிட்டு இடது காதில் 500 ஹெர்ட்ஸ் ஒலியை உரக்கக் கொடுத்தேன். விழிகள் மெல்ல மேலேறி லேசாகச் சுழன்றன. ஒலியை நிறுத்தினேன், பழைய இடத்துக்கு வந்தன.

உரத்த ஒலி எல்லோருடைய சமநிலை உறுப்பையும் கொஞ்சம் தொடத்தான் செய்யும். உள்காதில் சாக்யூல் என்று ஒரு சின்னப் பை. பல மீன்களுக்கு அதுதான் காது, நமக்கு அது தலையின் அசைவை அளக்கிறது, ஆனால் பழைய வேலையை முழுசாக மறக்கவில்லை. கோல்பாட்ச், ஹால்மாகி என்ற நரம்பியல் மருத்துவர்கள் 1990களில் வளர்த்தெடுத்த சோதனை ஒன்று உண்டு: கழுத்துத் தசையில் மின்முனை ஒட்டி, காதில் 'டக் டக்' என்று கொடுத்தால், சுமார் 13 மில்லிசெகண்டில் இறுகியிருந்த தசை ஒரு கணம் தளர்வது திரையில் தெரியும். மூளைத்தண்டிலேயே முடிந்துபோகிற காரியம். சுத்தமாகக் காது கேட்காத சிலருக்கும் அந்த அலை வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த அம்மாவுக்கு விஷயம் வேறு. ஸ்கேனில், உள்காதில் தலை திரும்புவதை உணரும் மேல் அரைவட்டக் குழாயின் எலும்புக் கூரையில் ஓட்டை தெரிந்தது. மேளத்தின் அழுத்தம் அந்த வழியாகக் கசிந்து, குழாய்க்குள் இருக்கும் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் நகர்ந்தால் தலை திரும்பியதாகத்தான் மூளை கணக்கு வைத்திருக்கிறது. தள்ளியது மேளம் என்று அதற்கு எப்படித் தெரியும்? இல்லாத திருப்பத்தை ஈடுகட்டக் கண்ணை நகர்த்துகிறது. கண் நகர்ந்தால் உலகம் சாய்கிறது. புறாக்களின் குழாயில் துளை போட்டு டூலியோ என்ற இத்தாலிய ஆய்வாளர் இதை 1929-லேயே எழுதிவிட்டார். மனிதர்களிடம் இந்த எலும்பு ஓட்டையை அமெரிக்கக் காது மருத்துவர் லாயிட் மைனர் குழுவினர் 1998-ல்தான் விவரித்தார்கள்.

ஆபரேஷன் வேண்டாம், பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றார். பஞ்சு போதாது என்று நல்ல காதடைப்பான் கொடுத்தேன். அப்புறம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு போனை என் கையில் திணித்தார்: "எலும்புல ஓட்டைன்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, அப்ப இந்த வருஷம் காவடிக்குக் கூட்டிட்டுப் போகலாமா, கூடாதா?" என்றார்.